தாத்தாவின் துப்பாக்கி

பாட்டியின் பழைய அட்டிகை பெட்டிக்குள் இருக்கிறது. பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அட்டிகையை அழித்துப் புது மோஸ்தரில் நெக்லெஸ் பண்ணுவதா, அல்லது அதை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக ஒன்று வாங்குவதா? இந்தக் கேள்வி எழாத வீடு நம் ஊரில் உண்டா? மாமியார் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம், பத்தர் ஒரு பக்கம். மூன்று பேருக்கும் மூன்று அபிப்பிராயம்!

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர் வீடுகளிலும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அங்கே பெட்டிக்குள் இருப்பது அட்டிகை இல்லை, துப்பாக்கி! தாத்தா வேட்டைக்கு எடுத்துப்போன பழைய ரைபிளை வெட்டித் திருத்தி வைத்துக்கொள்வதா, கடைக்குப் போய்ப் புதிது வாங்குவதா? நகைக்கு நடக்கிற அத்தனை வாக்குவாதமும் அங்கே துப்பாக்கிக்கு நடக்கிறது. அதை நேரில் கேட்டு வந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

ஊரின் பெயர் கோடி. பெயரைக் கேட்டுப் பணக்கார ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். ஜனத்தொகை சுமார் 10,000தான். 'பஃபலோ பில்' என்று உலகம் முழுவதும் பெயர் வாங்கிய வில்லியம் கோடி என்பவரின் பெயரை 1896-ஆம் ஆண்டில் ஊருக்கு வைத்தார்கள்.

ஒரு பெண் வடித்த சிலை

கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,000 அடி உயரம். ஏறக்குறைய நம் ஏற்காட்டின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏற்காட்டின் பசுமையைத் தேடாதீர்கள். மழை குறைவு, காய்ந்த குன்றுகள், கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் சாம்பல் நிறப் புதர்கள். மேற்கே திரும்பினால் மட்டும் பனி மூடிய மலைகள் எழுந்து நிற்கின்றன. அந்தத் திசையில் சுமார் 50 மைல் போனால் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1872-இல் ஏற்பட்ட அதுதான் அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்கா.

ஊரின் ஒரு கோடியில் பஃபலோ பில்லின் வெண்கலச் சிலை நிற்கிறது. குதிரை துள்ளுகிறது, அவர் கையில் ரைபிளை உயரத் தூக்கிப் பிடித்திருக்கிறார். 1924-இல் திறந்த இந்தச் சிலையை வடித்தவர் கெர்ட்ரூட் வாண்டர்பில்ட் விட்னி என்ற பெண்மணி என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் வயோமிங்கில் அப்படி ஆச்சரியப்படக் கூடாதாம். பெண்களுக்கு வோட்டுரிமையை 1869-லேயே கொடுத்த பூமி அது. அமெரிக்காவின் மற்றப் பல பகுதிகளிலுள்ள பெண்கள் அதற்காக 1920 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவின் முதல் பெண் கவர்னரும் வயோமிங்காரர்தான். 1925-இல் பதவி ஏற்ற நெல்லி டெய்லோ ராஸ்.

பஃபலோ பில் 1902-இல் கட்டிய ஓட்டல் இன்னும் பிரதான வீதியில் இருக்கிறது. தம் பெண் இர்மாவின் பெயரை அதற்கு வைத்தார். அங்கே செர்ரி மரத்தில் இழைத்த பெரிய மேடை ஒன்று உண்டு. விக்டோரியா மகாராணி அனுப்பிய பரிசு என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

பில்லுக்கு 'பஃபலோ' பட்டம் எப்படி வந்தது தெரியுமா? ரயில் பாதை போடும் கூலியாட்களுக்கு இறைச்சி கொடுப்பதற்காக, 1867-68-இல் பதினெட்டு மாதங்களுக்குள் 4,280 காட்டெருமைகளைச் சுட்டதாக அவரே கணக்குச் சொல்லியிருக்கிறார். அவர் ஒருவர்தானா? கோடிக்கணக்கில் திரிந்த காட்டெருமைகளை அந்த நாட்களில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகள் ஏறக்குறைய பூண்டோடு அழித்தன. 1902-இல் எல்லோஸ்டோன் பூங்காவில் எஞ்சியவை இரண்டு டஜன்தான். துப்பாக்கியை வைத்து வாழ்ந்த ஊருக்கு அதன் பாவக் கணக்கும் தெரியும். அதனால்தான் இன்று அங்கே வேட்டைக்கு அத்தனை கட்டுப்பாடு.

பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சை

நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோடு வேட்டை என்ற பொழுதுபோக்கு மறைந்துவிட்டது. வயோமிங்கில் அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, சமையலறை விவகாரம். எல்க் என்ற பெரிய மான் ஒன்று கிடைத்தால் 150 முதல் 200 பவுண்டு வரை இறைச்சி தேறும். அதைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் அடுக்கி, நீண்ட பனிக்காலம் முழுவதும் வைத்துச் சமைக்கிறார்கள். நாம் கோடையில் வடாமும் வற்றலும் போட்டு வைப்பதில்லையா, அதுபோல! மரக்கறி உண்ணும் சகோதரிகள் முகம் சுளிக்கலாம். நான் அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்குமாகக் காலம் தள்ளினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த மிருகத்தை, எந்தக் காட்டில், எந்தத் தேதிக்குள் வேட்டையாடலாம் என்பதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டு. பெரிய மிருகங்களை வேட்டையாடப் பன்னிரண்டு வயது ஆக வேண்டும். 1966-இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் படித்துத் தேற வேண்டும். காட்டில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை அணிய வேண்டும்; பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். மானின் கண்ணுக்கு அந்த நிறம் எடுப்பாகத் தெரியாது. மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

"பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கையில் துப்பாக்கியா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பள்ளிக்கூடங்களில்கூடத் துப்பாக்கிச் சூடு நடக்கிற தேசம் அது. அங்குள்ள தாய்மார்களுக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. நான் தங்கியிருந்த வீட்டில் துப்பாக்கி இரும்பு அலமாரிக்குள் இருந்தது. தோட்டாக்கள் வேறோர் அறையில் இருந்தன. இரண்டுக்கும் சாவி அம்மாளின் இடுப்பில்! பெட்டிச் சாவியை மருமகளிடம் கொடுக்காத நம் ஊர் மாமியார்கள்கூட அத்தனை ஜாக்கிரதையாக இருக்கமாட்டார்கள்.

ஆனி ஓக்லியின் ஊர் அல்ல; ஆனாலும்...

கோடியில் பார்க்க வேண்டிய முக்கியமான இடம் 'பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட்'. ஒரே கூரையின் கீழ் ஐந்து மியூசியங்கள். அவற்றுள் ஒன்று துப்பாக்கிகளுக்கென்றே உள்ளது. 7,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள்! வின்செஸ்டர் கம்பெனியார் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் தொழிற்சாலையில் சேர்த்து வைத்திருந்த பெரிய சேகரம் 1970-களில் இந்த ஊருக்கு வந்தது. 2019-இல் மியூசியத்தைப் புதுப்பித்துத் திறந்தார்கள்.

துப்பாக்கியில் என்ன பார்ப்பதற்கு இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் உள்ளே போவீர்கள். வேலைப்பாட்டைப் பார்த்ததும் நின்றுவிடுவீர்கள். எஃகில் பூவும் கொடியும் செதுக்கித் தங்கக் கம்பி பதித்திருக்கிறார்கள். வால்நட் மரக்கட்டையில் பட்டுப் புடவையின் கரைபோல் ரேகைகள் ஓடுகின்றன.

பஃபலோ பில்லின் காட்சியில் சேர்ந்து உலகப் புகழ் பெற்ற ஆனி ஓக்லியின் கதையை இந்த ஊரில் கேட்காமல் வர முடியாது. அவர் ஒஹையோ மாநிலத்துக்காரர். 1860-இல் பிறந்தார். ஐந்து, ஆறு வயதில் தகப்பனாரை இழந்தார். குடும்பத்தில் பட்டினி. அப்பாவின் பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தது. எட்டு வயதுச் சிறுமி அதை எடுத்து வேட்டையாடக் கற்றுக்கொண்டாள். வேட்டையில் கிடைத்ததைக் கடைக்காரர்களுக்கு விற்றாள். பதினைந்து வயதில் அம்மாவின் வீட்டுக் கடனை அடைத்துவிட்டாள் என்பது சரித்திரம்! பின்னாளில் ஐந்தடி உயரமே இருந்த அந்த அம்மாள், கணவனின் வாயிலிருந்த சிகரெட்டின் நுனியைச் சுட்டுத் தள்ளினார். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சுடக் கற்றுக் கொடுத்தார்.

அப்பாவின் துப்பாக்கி பெண்ணுக்கு வந்த கதை, பாருங்கள். அந்த ஊரில் பல வீடுகளில் நடப்பதும் அதுதான்.

இந்த மியூசியத்தில் ஏடுகள் வைத்திருக்கும் பிரிவும் ஒன்று உண்டு. உங்களிடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வின்செஸ்டர் இருந்தால், அதில் வெட்டியுள்ள எண்ணை எழுதிக் கட்டணத்தோடு அனுப்பலாம். தொழிற்சாலையின் பழைய பேரேட்டைப் பார்த்து, அது எந்தத் தேதியில் கிடங்கைவிட்டு வெளியேறியது, அப்போது குழல் எப்படி இருந்தது, விசை எப்படி இருந்தது என்று கடிதம் எழுதுகிறார்கள். துப்பாக்கிக்கு ஜாதகம்! வெட்டித் திருத்த ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஜாதகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் பழைய துப்பாக்கிகளைத் திருத்தப்போய்க் கைவிரலைக் கடித்துக்கொண்டவர்கள் ஏராளம்.

ராணுவத் துப்பாக்கி வேட்டைக்கு வந்த கதை

இந்தத் திருத்தும் மோகத்தைக் கிளப்பிவிட்டவர்களில் ஒருவர் ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட். 1909-இல் அவர் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் போனபோது, ஸ்பிரிங்பீல்டு என்ற ராணுவ ரைபிளை வேட்டைக்குத் தகுந்தபடி மாற்றி எடுத்துப்போனார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தைப் படித்து ஆசைப்பட்டவர்களில் ஒருவர் சீமோர் கிரிஃபின். நியூயார்க்கில் மர வேலை செய்தவர். ஸ்பிரிங்பீல்டு ஒன்றை வாங்கித் தம் கையாலேயே அழகான கட்டை இழைத்துப் போட்டார். 1923-இல் ஹோ என்பவருடன் கூட்டுச் சேர்ந்து, துப்பாக்கிகளைத் திருத்தி அமைப்பதையே தொழிலாக்கிவிட்டார். பணக்காரர்கள் வரிசையில் நின்றார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் 1945-இல் முடிந்தது. ஐரோப்பாவின் ராணுவக் கிடங்குகளிலிருந்து ஜெர்மன் மாஸர், பிரிட்டிஷ் என்ஃபீல்டு என்று லட்சக்கணக்கான ரைபிள்கள் அமெரிக்காவில் வந்து குவிந்தன. இருபது, முப்பது டாலர் கொடுத்தால் தபாலில் வீட்டுக்கே வரும்! ஏழை வேட்டைக்காரன் அதை வாங்கி, நீண்ட கட்டையை ரம்பத்தால் அறுத்து, குழலைக் குறைத்து, துளை போட்டு டெலஸ்கோப் மாட்டிக்கொண்டான். புதிது வாங்கும் விலையில் பாதிகூட ஆகவில்லை. கென்னடியை 1963-இல் பலிகொண்டதும் அப்படித் தபாலில் வந்த ஒரு பழைய இத்தாலிய ராணுவ ரைபிள்தான். டெலஸ்கோப்போடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட். 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தபால் வியாபாரத்தை நிறுத்தியது.

அதற்குப் பிறகு வேடிக்கை ஆரம்பித்தது. கிடங்குகள் காலியாகி, அறுக்காத ரைபிள் அபூர்வமாயிற்று. அபூர்வமானதற்குக் கிராக்கி வராமல் இருக்குமா? இன்று ராணுவத்திலிருந்து வந்தது வந்தபடியே இருக்கும் ரைபிளுக்கு நல்ல விலை. அப்பா ஆசையாக அறுத்து இழைத்து மெருகு போட்டது அதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போகிறது! செய்கூலி கொடுத்து மதிப்பைக் குறைத்துக்கொண்ட கதை.

பணம் போனால் போகட்டும். உயிர் விஷயமும் இருக்கிறது. ஆரம்பகால ஸ்பிரிங்பீல்டு ரைபிள்களுக்கு எஃகைப் பழுக்கக் காய்ச்சும்போது, நிறத்தைக் கண்ணால் பார்த்தே பதம் கண்டார்கள். மேகம் மூடிய நாளில் ஒரு நிறம். வெயில் நாளில் அதே சூடு வேறு நிறமாகத் தெரியும். நம் வீட்டில் பாகு பதம் தப்பினால் மைசூர்பாகு கல்லாகும். அங்கே எஃகு நொறுங்கிப்போயிற்று. சுடும்போது சில ரைபிள்கள் வெடித்த பிறகு, 1918-இல் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்பீல்டு தொழிற்சாலையில் செய்தவற்றில் 8 லட்சத்துக்குக் குறைந்த எண் உள்ளதைச் சுடவே கூடாது என்று விவரம் அறிந்தவர்கள் எச்சரிக்கிறார்கள். அதற்கு எத்தனை அழகான கட்டை போட்டு என்ன பயன்?

ஒரு வீட்டில் நடந்த வழக்கு

நான் தங்கியிருந்த வீட்டு அம்மாள் பள்ளி ஆசிரியை. வயது நாற்பதைச் சற்றுத் தாண்டியவர். அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. பாட்டியும் கூடவே இருந்தார். தாத்தா காலமாகி இரண்டு வருஷம்.

தாத்தாவின் ரைபிள் வின்செஸ்டர் கம்பெனியின் 'மாடல் 70'. கம்பெனியார் 1936-இல் கொண்டுவந்த ரகம். தாத்தா 1962-இல், சம்பாதிக்க ஆரம்பித்த புதிதில், தவணை கட்டி வாங்கினாராம். 1964-இல் கம்பெனியார் செலவைக் குறைப்பதற்காகச் செய்முறையை மாற்றினார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதனால் '64-க்கு முந்தியது' என்றாலே வேட்டைக்காரர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். கும்பகோணம் டிகிரி காப்பி என்றால் நாம் உயர்த்துவதுபோல.

"உனக்குப் பன்னிரண்டு வயதானதும் இது உனக்குத்தான்" என்று தாத்தா பேத்திக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பெண் அதைப் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ரைபிள் அவளுக்குப் பெரிது. கனம் வேறு. அது சுடுவது 'தர்ட்டி ஆட் சிக்ஸ்' என்ற தோட்டா. 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அந்தத் தோட்டா, சுடும்போது தோளில் கழுதை மாதிரி உதைக்கும்.

அம்மாளின் தம்பி, அதாவது பெண்ணின் மாமா, ஒரு திட்டத்தோடு வந்தார். "கட்டையை ஒன்றரை அங்குலம் அறுத்துவிடலாம். குழலைக் கழற்றிவிட்டு, உதை குறைந்த சின்னத் தோட்டாவுக்கு வேறு குழல் போடலாம். கறுப்புச் சாயம் கொடுத்துப் புது டெலஸ்கோப் மாட்டினால் புதுசு மாதிரி ஆகிவிடும்!"

"அப்புறம் அதில் அப்பாவுடையது என்று எது மிஞ்சும்?" என்று கேட்டார் அம்மாள். "கடையில் சின்ன ரைபிள் ஐந்நூறு, அறுநூறு டாலருக்குக் கிடைக்கிறது. அதை வாங்கிவிடலாம்."

"எனக்குப் புதுசு வேண்டாம். தாத்தாவுடையதுதான் வேண்டும்" என்றாள் பெண். கண்ணில் நீர் தளும்பியது.

பாட்டி ஒன்றும் பேசவில்லை. சப்பாத்தி மாவு பிசைவதுபோல் ஏதோ பிசைந்துகொண்டிருந்தார்.

ஆசாரி சொன்ன தீர்ப்பு

மறுநாள் எல்லோரும் ரைபிளை எடுத்துக்கொண்டு, ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டறைக்குப் போனோம். துப்பாக்கி ஆசாரி என்று அவரைச் சொல்லலாம். ஆளிவிதை எண்ணெய் வாசனையும் மரத்தூளுமாக இருந்தது இடம். வயதானவர். ரைபிளை வாங்கி, தோட்டா இல்லை என்பதை முதலில் பார்த்தார். பிறகு பெண்ணிடமும் காட்டி, "நீயும் பார்" என்றார். அதற்கப்புறம்தான் மற்றப் பேச்சு.

பெண்ணின் முழங்கையை மடிக்கச் சொன்னார். கட்டையின் அடிப்பகுதியை முழங்கை மடிப்பில் பொருத்தினார். "விரல் விசைக்கு எட்டுகிறதா?" எட்டவில்லை. ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல்தான் இதுவும். பெரியவர்களின் கட்டை பதின்மூன்றரை அங்குலம் இருக்கும். சிறுவர்களுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை.

மாமாவின் திட்டத்தை ஆசாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பென்சிலை எடுத்துக் காகிதத்தில் எழுதினார். புதுக் குழல், அதைப் பொருத்தும் கூலி, கட்டை வேலை, சாயம், டெலஸ்கோப். கூட்டினால் 1,000 டாலரைத் தாண்டிவிட்டது. "வேலை எனக்குக் கிடைக்கும். சந்தோஷம்தான். ஆனால் இந்த ரைபிள் இப்போது இருக்கிற நிலையிலேயே 1,000 டாலருக்கு மேல் போகும். அறுத்தால் கணிசமாகக் குறையும்" என்றார். வருகிற கூலியை வேண்டாம் என்று சொல்லும் பத்தரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"அறுத்தால் இன்னொன்றும் நடக்கும். ரைபிளின் கனம் குறையும். அதே மருந்து, லேசான ரைபிள் என்றால் உதை அதிகமாகும். குழந்தை ஒரு தடவை வலி கண்டுவிட்டால், அடுத்த தடவை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொள்ளும். குண்டு மானின் காலில் படும். அது ஓடிப்போய்க் காட்டுக்குள் மூன்று நாள் துடித்துச் சாகும். அந்தப் பாவம் யாருக்கு?"

மாமா வாயைத் திறக்கவில்லை.

தாத்தாவின் கட்டையை அறுக்காமல் கழற்றி வைத்துவிட்டு, குட்டையான வேறு கட்டையை மாட்டலாமே என்று அம்மாள் கேட்டார். "நல்ல யோசனை. இரண்டு, மூன்று திருகாணிதான். எப்போது வேண்டுமானாலும் பழையதைத் திரும்ப மாட்டலாம். ஆனால் தோட்டா அதேதானே? உதை குறைந்த தோட்டா தனியாக விற்கிறார்கள்; ஆனாலும் இந்தத் தோளுக்கு அது அதிகம். இன்னும் மூன்று, நான்கு வருஷம் போகட்டும்" என்றார் ஆசாரி.

அப்போதுதான் பாட்டி முதல் முறையாகப் பேசினார். கட்டையில் வழவழவென்று தேய்ந்திருந்த ஓர் இடத்தை விரலால் தொட்டுக்காட்டினார். "இது அவருடைய கன்னம் பட்டுத் தேய்ந்த இடம். ஐம்பது வருஷமாகத் தேய்ந்தது. குழந்தையின் கை வளர்ந்துவிடும். இந்த மரம் வளராது."

கல்யாணக் கூறைப்புடவையைக் கிழித்துப் பேத்திக்குப் பாவாடை தைத்தால், அடுத்த வருஷம் பாவாடையும் போதாது, புடவையும் இல்லை என்று ஆகுமே! அந்தக் கிழவியின் சொல்லில் இருந்தது அதுதான்.

முடிவு இப்படி ஆயிற்று. பெண்ணுக்கு 'டூ ஃபார்ட்டி த்ரீ' என்ற சின்னத் தோட்டா சுடும் புது ரைபிள். 1955-இல் வந்த தோட்டா அது. உதை ஏறக்குறைய பாதிதான். சாதாரண மானுக்குப் போதும். அதன் கட்டையில் துண்டுகள் சேர்த்து, குழந்தை வளர வளர நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பாவாடைக்கு உள்மடிப்பு வைத்துத் தைப்பதுபோல. தாத்தாவின் ரைபிளுக்கு எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர வேறு எதுவும் செய்வதில்லை.

பெண்ணின் முகம் அப்போதும் தெளியவில்லை. ஆசாரி அவளிடம் சொன்னார்: "இது உன்னுடையதுதான். வருஷா வருஷம் வேட்டைக் காலத்துக்கு முன்னால் இதை எடுத்துக்கொண்டு வா. முழங்கையில் வைத்துப் பார்ப்போம். விரல் எட்டுகிற வருஷம் எடுத்துப்போ."

சில மாதங்கள் கழித்து அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. முதல் வருஷம் பெண்ணுக்கு மான் கிடைக்கவில்லையாம். ஒரு முறை கண்ணில் பட்டதாம். தூரம் அதிகம் என்று அவளே ரைபிளைத் தாழ்த்திவிட்டாளாம். கடிதத்தில் அம்மாள் வேறு எதைப் பற்றியும் அத்தனை பெருமைப்படவில்லை.

எப்போது திருத்தலாம்? எப்போது வாங்கலாம்?

எல்லா வீட்டுக்கும் இதே தீர்ப்பு என்று நினைக்க வேண்டாம். பழைய ரைபிளைத் திருத்துவது நியாயமான சந்தர்ப்பங்களும் உண்டு என்று அதே ஆசாரி சொன்னார். ஏற்கனவே யாரோ அறுத்துக் கெடுத்துவிட்டார்களா? பயப்படாமல் திருத்தலாம், இழப்பதற்கு ஒன்றும் இல்லை. குழல் உட்புறம் தேய்ந்து குறி தப்புகிறதா? வேறு குழல் போட்டால்தான் உபயோகம். கட்டை வெடித்துவிட்டதா? மாற்றத்தான் வேண்டும். எது செய்தாலும் முதலில் எஃகு சரியாக இருக்கிறதா, தோட்டா உட்காரும் இடத்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று தெரிந்தவரிடம் காட்டிவிட வேண்டும். திருகாணியைக் கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றங்களைத் தாராளமாகச் செய்துகொள்ளலாம். ரம்பமும் துளைக்கருவியும் வேண்டியிருக்கிற மாற்றங்களுக்கு ஒரு வருஷமாவது யோசிக்க வேண்டும்.

புதிது வாங்குவதில் இன்னொரு புண்ணியமும் இருக்கிறது. 1937-இல் வந்த சட்டப்படி, புதிய ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீதம் வரி. அந்தப் பணம் காட்டு மிருகங்களைக் காப்பாற்றும் வேலைகளுக்குப் போகிறது. மானைச் சுட வாங்குகிற துப்பாக்கியே மானை வளர்க்கப் பணம் கட்டுகிறது!

'வின்செஸ்டர்' என்று பெயர் பொறித்த புதுத் துப்பாக்கியை வாங்கிப் பரம்பரைப் பெருமை கொண்டாட நினைப்பவர்களுக்கும் ஒரு தகவல். நியூ ஹேவன் தொழிற்சாலையை 2006-இல் மூடிவிட்டார்கள். கௌபாய்களின் கையில் சினிமாவில் பார்க்கிறோமே, நெம்புகோல் வைத்த வின்செஸ்டர், அது இப்போது ஜப்பானில் தயாராகிறது.

கோடிக்குப் போக நல்ல காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில் ஒவ்வோர் இரவும் முரட்டுக் குதிரை ஏறும் காட்சி உண்டு. மியூசியத்துக்கு ஒரு நாள் போதாது. இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். மேற்கே எல்லோஸ்டோன் போகும் சாலையில் வபிடி பள்ளத்தாக்கு வரும். வபிடி என்பது பூர்வகுடிகள் எல்க் மானுக்கு வைத்த பெயர். விடியற்காலையில் அந்த வழியே போனால் ஆற்றங்கரையில் கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். துப்பாக்கி வேண்டியதில்லை, நல்ல பைனாகுலர் ஒன்று போதும்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறீர்களா? ஊரின் பெயர்தான் கோடி. போய்வரச் சில லட்சங்கள் போதும்!